குளம் வத்தட்டும் மக்கா, ஆனா ஒரே ராத்திரியில வேண்டாம்

மார்ச் மாசம் பிறந்தா போதும், நம்ம மாவட்டத்துப் பதிவர்கள் ரெண்டு வகைப் படம் போட ஆரம்பிச்சிருவாங்க. முதல் வகை, பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கிற குளத்துத் தரை. கீழே "ஐயோ, என் நாஞ்சில் நாடே!" என்று ஒரு ஒப்பாரி. ரெண்டாவது வகை, வலையில துள்ளுற கட்லா. கீழே "எங்க ஊர்க் குளத்து மீன், கிலோ என்ன விலை தெரியுமா?" என்று ஒரு பெருமை. ரெண்டுக்கும் "அருமை", "தொடருங்கள்" என்று பின்னூட்டம் போடுறது ஒரே ஆளுங்கதான். ரெண்டு படமும் பெரும்பாலும் ஒரே குளம், அதுவும் ஒரே வாரம் என்கிறதை மட்டும் யாரும் கவனிக்கிறது இல்லை :)

அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். சண்டைக்கு வர்றவங்க முழுசா வாசிச்சிட்டு வாங்க.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். குளம் வத்துறது தப்பே இல்லை. நம்ம குளங்கள் வத்துறதுக்காகவே வெட்டினது. தப்பு எங்கே இருக்குன்னா வத்த வைக்கிற விதத்துல. ரெண்டு மாசத்துல மெள்ள மெள்ள இறங்க வேண்டிய தண்ணிய ரெண்டு ராத்திரியில மடையைத் தூக்கி ஓட விடுறான் பாருங்க, அதுதான் கொலை. ஒரு பக்கம் மீன் குத்தகைக்காரன் அந்தக் கொலையைச் செய்யுறான். இன்னொரு பக்கம் "குளம் எப்பவும் நெறஞ்சே இருக்கணும்" என்று கொடி பிடிக்கிற அழகு விரும்பிகள், பிரச்சினையே என்னன்னு புரியாம கூச்சல் போடுறாங்க. ரெண்டு தரப்பையும் இன்னைக்கு ஒரு பிடி பிடிக்கலாம்னு இருக்கேன்.

முதல்ல தண்ணிக் கணக்கு

வெளியூர்ப் பதிவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. தமிழ்நாட்டுல பாதி ஊர்ல வடகிழக்குப் பருவமழை ஒண்ணுதான் கதி. எங்களுக்கு அப்படி இல்லை. ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு மழை. அதனால நெல்லும் ரெண்டு பூ. கன்னிப்பூ, கும்பப்பூ. மலையில 1906-ல கட்டி முடிச்ச பேச்சிப்பாறை அணை, முழுக் கொள்ளளவு 48 அடி. பக்கத்துல பெருஞ்சாணி, 77 அடி. வழக்கமா ஜூன் 1-ஆம் தேதி அணை திறப்பாங்க, பிப்ரவரி 28-ஆம் தேதி அடைப்பாங்க. இடைப்பட்ட ஒன்பது மாசமும் தோவாளை சானல், அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால் என்று சானல் சானலாப் பிரிஞ்சு, குளம் குளமா நெறச்சு, வயலுக்குப் போவும் தண்ணி. சின்னதும் பெருசுமா மாவட்டத்துல ரெண்டாயிரத்துக்கு மேல குளம்.

இந்தக் குளங்கள் தனித்தனி ஆள் கிடையாது. ஒண்ணோட மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. மேல உள்ளவன் மூச்சு விட்டாத்தான் கீழ உள்ளவனுக்கு உயிர். சங்கிலிக் கண்ணி மாதிரி.

ஆக, பிப்ரவரி கடைசியில அணை அடைச்சதும் என்ன ஆகும்? கும்பப்பூ அறுப்பு நடந்துட்டிருக்கும். குளத்துல மிச்சம் கிடக்கிற தண்ணியை வச்சுத்தான் பிந்தி நட்டவன் கரையேறணும். அதுக்கு அப்புறம் வாழை, தென்னை, மாடு கழுவுறது, ஊர்க் கிணத்து ஊத்து. வெயில் குடிச்சது போக, நிலம் குடிச்சது போக, மே மாசக் கடைசியில குளத்து நடுவுல ஒரு பள்ளத்துல மட்டும் தண்ணி நிக்கும். பள்ளத்தைச் சுத்தி சேறு, சேத்தைச் சுத்திப் புல்லு, புல்லுல மாடு. ஜூன்ல மறுபடி சானல் தண்ணி. இதுதான் நூத்தாண்டுக் கணக்கா நடந்த சங்கதி. கவிமணி பிறந்த தேரூர் பக்கத்துக் குளங்கள்ல சிலதோட பேரு ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே இருக்குன்னு ராம்சார் பட்டியல்ல சேக்கும்போது எழுதியிருக்காங்க. அவ்வளவு காலமா ஏறி இறங்குற தண்ணி.

இறங்குற தண்ணியில என்ன இருக்கு?

குளம் நெறஞ்சு தளும்பும்போது பார்க்க அழகு. ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த நேரத்துல பாதிப் பறவைக்கு அங்கே சோறு கிடையாது. முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, இதுங்க நீந்திப் பிழைக்கும். உள்ளான் என்ன செய்யும்? அது கால் நீளமே நம்ம விரல் அளவுதான். பச்சைக்காலி கொஞ்சம் உயரம். நெடுங்கால் உள்ளான் இன்னும் உயரம். அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் அதுக்கும் மேல. ஒவ்வொண்ணும் தன் கால் நீளத்துக்கு எவ்வளவு தண்ணியோ அவ்வளவுலதான் நின்னு தின்ன முடியும். பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கிற மாதிரிதான் கதை, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரிசை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. குளத்து உள்சரிவு நூத்துக்கு ஒண்ணுன்னு வைங்க. தண்ணி ஒரு அங்குலம் இறங்கினா நூறு அங்குல அகலத்துக்கு, அதாவது எட்டடிக்குக் கொஞ்சம் கூட, புதுச் சேறு வெளியே வரும். குளத்தைச் சுத்தி எட்டடி அகலத்துல ஈரம் காயாத புது விருந்து. புழு, நத்தை, பூச்சி முட்டை, சின்ன மீன் எல்லாம் அதுல. மறுநாள் இன்னொரு எட்டடி. நேத்து விருந்து காயறதுக்குள்ள இன்னைக்கு விருந்து ரெடி. மெள்ள இறங்கினா ரெண்டு மாசத்துக்குப் பந்தி நடக்கும்.

இந்த ரெண்டு மாசம் எந்த மாசம்? மார்ச், ஏப்ரல். வடக்கே சைபீரியா, மத்திய ஆசியா என்று பறந்து திரும்பிப் போற உள்ளான் வகைகள் வழிக்குக் கொழுப்புச் சேர்க்கிற மாசம். ஆயிரக்கணக்கான மைல் போகணும், வழிச்செலவுக்கு உடம்புல கொழுப்பு வேணும். நம்ம குளத்துச் சேறுதான் அதுங்களுக்குப் பெட்ரோல் பங்க். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துல பதிவான ஏறக்குறைய 250 வகைப் பறவையில 53 வகை வலசை வர்றதுன்னு அரசே சொல்லுது.

அதே மடையை ரெண்டு ராத்திரி திறந்து விட்டா என்ன ஆகும்? ஒரே நாள்ல நூறு ஏக்கர் சேறு வெளியே கிடக்கும். கொக்கும் நாரையும் அன்னைக்கு ஒரு நாள் கூட்டம் கூட்டமா வந்து இறங்கும். நம்ம புகைப்படக்காரங்களும் வந்து இறங்குவாங்க. "அடேங்கப்பா, எத்தனை பறவை!" என்று பதிவு வரும். அது கலியாண வீட்டுக் கூட்டம் இல்ல மக்கா, அடியந்திரத்துக்குக் கூடின கூட்டம். அஞ்சாம் நாள் வெயிலுக்குச் சேறு ஓடு கட்டிரும். உள்ளான் மூக்கு அதுல இறங்காது. அப்புறம் ரெண்டு மாசத்துக்குப் பட்டினி.

மீன் கதையும் இதேதான். வராலும் பனையேறிக் கெண்டையும் காத்தை நேரா மூச்சு வாங்கும். ஈரச் சேத்துல புதைஞ்சு தாக்குப் பிடிக்கும். ஆரல், குறவை, அயிரை, கெளுத்தி எல்லாம் தண்ணி இறங்க இறங்க நடுப் பள்ளத்துக்குப் போய் ஒதுங்கும். அந்தப் பள்ளத்துல தப்பிப் பிழைச்சதுதான் ஜூன் மாசம் புதுத் தண்ணி வரும்போது வித்து. சங்கிலிக் குளம்னு சொன்னேனே, மேல் குளத்துப் பள்ளத்துல நாலு தாய் மீன் மிஞ்சினா மறுகால் வழியா கீழே பத்துக் குளத்துக்குக் குஞ்சு போகும். எல்லாக் குளத்தையும் ஒரே மாசத்துல சுத்தமாத் துடைச்சா வித்து எங்கிருந்து வரும்? ஆஸ்பத்திரியில வாங்குற பாட்டில் மாதிரி, மீன் குஞ்சை பாக்கெட்ல வாங்கித்தான் விடணும். அப்படி வாங்குறது கட்லா, ரோகு, மிர்கால், புல்லுக்கெண்டை. அயிரைக் குஞ்சை பாக்கெட்ல எவன் விக்கிறான்?

பால் ஆமையைச் சொல்ல மறந்தேன். கோடையில சேத்துக்குள்ள புதைஞ்சு மழைக்குக் காத்துக் கிடக்கிற ஜீவன். வனவிலங்குச் சட்டத்துல புலிக்கு என்ன அட்டவணையோ அதே முதல் அட்டவணை. காய்ஞ்ச குளத்துல ஜேசிபி இறங்கினா அதுக்குச் சட்டமும் தெரியாது, அட்டவணையும் தெரியாது.

குத்தகைன்னு ஒரு சமாச்சாரம்

குளத்துல மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடுறது புதுசு இல்லை. மீன்பாசிக் குத்தகைன்னு பேரு. வருவாய்க் கணக்கு எல்லாம் பசலி ஆண்டுல ஓடும். ஜூலை 1-ல ஆரம்பிச்சு ஜூன் 30-ல முடியும். இங்கேதான் விஷயம் இருக்கு. குத்தகைக்காரனுக்கு ஜூன் 30-க்குப் பிறகு குளம் அடுத்தவனுக்குப் போயிரலாம். தான் விட்ட மீன்ல ஒண்ணுகூட அவனுக்குப் போகக் கூடாது. அதனால வெயில் மாசத்துல மொத்தத்தையும் வழிச்சு எடுத்துரணும். எட்டடி ஆழத்துல வலை இழுக்க ஆள் கூலி ஜாஸ்தி, மீனும் தப்பும். முழங்கால் தண்ணின்னா நாலு ஆளு போதும். அப்போ என்ன செய்வான்? மடையைத் தூக்குவான். மடை போதலைன்னா மோட்டார் வைப்பான்.

சட்டப்படி மடை பாசனத்துக்கு. எப்போ திறக்கணும், எவ்வளவு திறக்கணும்கிறது விவசாயிக்கும் நீர்வளத்துறைக்காரங்களுக்கும் உள்ள காரியம். குத்தகைக்காரனுக்கு மீன்ல பாத்தியதை உண்டு, தண்ணியில கிடையாது. ஆனா நடு ராத்திரி மடையில யாரு காவல் நிக்கா? பிப்ரவரியில கதிர் பால் பிடிக்கிற நேரத்துல வயல்ல தண்ணி இல்லாம நின்ன விவசாயி, விடிய வந்து பார்த்தா குளம் அரைவாசி ஓடையில போயிருக்கும். ஓடையில போன தண்ணி பழையாறு, பழையாத்துல இருந்து மணக்குடிக் காயல், காயல்ல இருந்து கடல். யாருக்கும் பிரயோசனம் இல்லை.

எங்க ஊர்ப்பக்கம் ஒரு குளம். பேரு வேண்டாம். நான் சின்ன வயசுல இருந்து தூண்டில் போடுற இடம். போன கோடையில குத்தகை எடுத்த ஆளோட காவக்காரன் வந்து, "இங்கே தூண்டில் போடக் கூடாது, இது ஏலம் எடுத்த குளம்" என்றான்.

"அண்ணாச்சி, நான் மண்புழு போட்டுக் கெண்டை பிடிக்கேன். உங்க கட்லா மண்புழு திங்காது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு மீன் போனாலும் எங்க மொதலாளி மீன்தான்."

"அப்போ கொக்கு?"

அதுக்கு அவன் பதில் சொல்லலை. கையில இருந்த பையைக் காட்டினான். உள்ளே வெடி. தீபாவளிக்கு வாங்குற அதே சரவெடி. கொக்கு, நீர்க்காகம் இறங்கினா கொளுத்திப் போடுறதுக்கு. நான் தூண்டிலைச் சுருட்டிட்டு வந்துட்டேன். வீரமெல்லாம் பதிவுல மட்டும்தான் :(

யோசிச்சுப் பாருங்க. கட்லா வாயை மேல திறந்து தண்ணியில மிதக்கிற நுண்ணுயிரை வடிகட்டித் தின்கிற மீன். மண்புழுவுக்கு வாயைத் திறக்கிறது அபூர்வம். தூண்டில்காரனுக்குக் கிடைக்கிறது கெளுத்தி, வரால், ஜிலேபிக் கெண்டை, பனையேறி. இதுல எதையும் குத்தகைக்காரன் காசு குடுத்து வாங்கி விடலை. சானல் தண்ணியோட தானா வந்தது. ஊர்ச் சொத்து. அந்தக் காலத்துல பாட்டாமாரு சாயங்காலம் ஒரு மூங்கில் கம்பும் தக்கையுமா கரையில உக்காந்தா ராத்திரிக் குழம்புக்கு ஆச்சு. இன்னைக்கு அந்தப் பாட்டா திருடன். மொத்தக் குளத்தையும் ராத்திரியோட ராத்திரியா ஓட விட்டவன் ஏலதாரர்.

குத்தகைக்காரன் பக்கம்

நியாயத்துக்கு அவன் சொல்றதையும் கேக்கணும். டீக்கடையில ஒரு குத்தகைக்காரர் என்கிட்டச் சொன்னது: "வே, ஏலத் தொகை வருஷா வருஷம் ஏறுது. குஞ்சு விட்டு ஆறேழு மாசத்துல பிடிச்சாத்தான் வட்டி கட்ட முடியும். அறுப்பு முடிஞ்சாச்சு, தண்ணி யாருக்கும் வேண்டாம், சும்மா வெயில்ல காயப்போற தண்ணியை நான் திறந்து விட்டா உமக்கு என்ன நட்டம்?"

முதல் பாதி நியாயம். ஏலத்தைத் தள்ளித் தள்ளி வச்சு, தொகையை ஏத்தி, குறைஞ்ச காலத்துக்குக் குடுத்தா எவனும் வழிச்சுத்தான் எடுப்பான். வாடகை வீட்டுல எவன் மாமரம் நடுவான்? அந்தக் குற்றம் ஏலம் விடுற முறையில இருக்கு, அதைத் திருத்தணும்.

ரெண்டாம் பாதி சுத்தப் பொய். "யாருக்கும் வேண்டாத தண்ணி" என்று ஒண்ணு கிடையாது. வாழைக்காரனுக்கு வேணும். கிணத்துக்கு வேணும். ஏப்ரல்ல குளம் ஓட்டாண்டியானா மே மாசம் ஊர்க் கிணறு பல்லிளிக்கும். மாட்டுக்கு வேணும். உள்ளானுக்கு வேணும். அவை எல்லாம் ஏலத்துல கை தூக்கலைன்னா தேவை இல்லைன்னு அர்த்தமா?

இப்போ அழகு விரும்பிகளுக்கு

குத்தகைக்காரனைத் திட்டும்போது கை தட்டினவங்க கொஞ்சம் இருங்க. அடுத்தது உங்களுக்குத்தான்.

"குளம் வருஷம் முழுக்க நெறஞ்சு இருக்கணும், சுத்தி நடைபாதை போடணும், படகு விடணும்" என்று கேக்குறீங்களே, அது குளம் இல்லை. நீச்சல் குளம். ஆழப்படுத்துறோம்னு சொல்லி ஜேசிபியை விட்டுக் கரையோரத்தைச் செங்குத்தா வெட்டி, கல்லு பாவி, மேல டைல்ஸ் ஒட்டி, எல்.இ.டி. விளக்கு போட்டா என்ன ஆகும்? மேல சொன்ன எட்டடிக் கணக்கு செத்துப் போகும். செங்குத்துக் கரையில ஒரு அங்குலம் இறங்கினா ஒரு அங்குலச் சேறுகூட வெளியே வராது. உள்ளானுக்கு இடமே இல்லை. தாழைக்கோழிக்குக் கோரை இல்லை. ஆமை ஏறி வெயில் காயக் கரை இல்லை. தண்ணி மட்டும் இருக்கும், பார்க்க நல்லா இருக்கும், பிணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி.

குளம் வத்தினாத்தான் வண்டல் அள்ள முடியும். வத்தினாத்தான் அடிச்சேறு காத்துப் பட்டு மக்கும், ஆகாயத்தாமரை கொஞ்சமாவது காயும். நம்ம முன்னோருக்கு இது தெரியும். பாண்டி நாட்டுக் குளங்கள்ல குமிழித் தூம்புன்னு ஒரு மடை அமைப்பு உண்டு. அதுல மேலே ஒரு துளை, நீரோடி. கீழே ஒரு துளை, சேறோடி. மேல் துளை வழியா தெளிஞ்ச தண்ணி வயலுக்கு, கீழ்த் துளை வழியா சேறு வெளியே. குளத்தை இறக்குறதை ஒரு கலையா வச்சிருந்தவன் நம்ம ஆளு. இப்போ அந்த இடத்துல ஒரு இரும்பு ஷட்டர். திருகினா மேல போகும், திருகினா கீழ வரும். அதைத் திருகுற கையில ஒரு பாட்டில் சாராயம் குடுத்தா ராத்திரி முழுக்க மேலயே இருக்கும்.

2022-ல சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 94.23 ஹெக்டேர், வேம்பனூர் ஈரநிலம் 19.75 ஹெக்டேர், ரெண்டும் ராம்சார் பட்டியல்ல ஏறிச்சு. சந்தோஷம்தான். ஆனா பட்டியல்ல ஏறின ரெண்டு இடத்துல பறவை படம் எடுத்துட்டு, ஏறாத ஆயிரக்கணக்கான குளத்தை ஏலக்காரன் கையில விட்டுட்டுப் போறோம். பறவைக்குப் பட்டியல் தெரியாது. தேரூர்ல தண்ணி ஏறி இருந்தா அது பக்கத்து ஊர்க் குளத்துச் சேத்துக்குத்தான் போகும். பக்கத்துக் குளங்கள் எல்லாத்தையும் ஒரே வாரத்துல துடைச்சு வச்சா தேரூர் மட்டும் எத்தனை வாய்க்குச் சோறு போடும்?

முடியாத காரியமா இது?

வேடந்தாங்கலைப் பாருங்க. அது பாசன ஏரி. கோடையில வத்திரும். இன்னைக்கும் அப்படித்தான். பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு தெரிஞ்சு வச்சிருந்த ஊர்க்காரங்க கேட்டதுனால 1798-லயே கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடக் கூடாதுன்னு உத்தரவு குடுத்தார். ரெண்டு நூத்தாண்டு தாண்டியும் விவசாயமும் நடக்கு, பறவையும் வருது, ஏரியும் வத்துது. நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்துலயும் ஊருக்குள்ள மரத்துல பறவை கூடு கட்டுது, ஊர்க்காரன் வெடிகூடப் போடுறதில்லை.

"அதெல்லாம் மீன் குத்தகை இல்லாத ஊரு" என்பீங்க. சரி, மீன் வளக்கிற ஊரையே பார்ப்போம். செக் நாட்டுல திரெபோன் என்று ஒரு ஊர். கெண்டை வளர்க்கிறதுல அவங்க நம்மளுக்குப் பாட்டன். ரோஜ்ம்பெர்க் என்று ஒரு பெரிய குளம், 1590-ல கட்டி முடிச்சது. இன்னைக்கும் இலையுதிர் காலத்துல தண்ணியை இறக்கித்தான் மீன் பிடிக்கிறாங்க, கிறிஸ்துமஸ் விருந்துக்கு. எப்படி இறக்குறாங்க? வாரக் கணக்குல, மெள்ள. தண்ணி இறங்க இறங்க மீன் எல்லாம் மதகுப் பக்கத்துல உள்ள ஆழமான பள்ளத்துக்கு ஒதுங்கும். அங்கே வலை. அந்தப் பிரதேசம் 1977-லயே யுனெஸ்கோவோட உயிர்க்கோளக் காப்பகம். மீனும் லாபம், பறவையும் உண்டு. நானூறு வருஷமா நடக்கிற காரியம் நம்ம ஊர்ல மட்டும் ஏன் ரெண்டு ராத்திரியில முடியணும்?

தூண்டில்காரன் யோக்கியமா?

இல்லை. அதையும் சொல்லிருதேன், இல்லைன்னா நண்பர் யாராவது பின்னூட்டத்துல கொண்டு வந்து போடுவார்.

வரால் குஞ்சு பொரிச்சா தாயும் தகப்பனும் கூடவே காவல் சுத்தும். செவப்பா ஒரு பந்து மாதிரி குஞ்சுக் கூட்டம் தண்ணி மேல வந்து வந்து போகும். அதைப் பார்த்ததும் நம்ம ஆளுக்குக் கை அரிக்கும். தவளையைக் கோத்து அந்தப் பந்து நடுவுல போட்டா, குஞ்சைக் காப்பாத்த வர்ற தாய் ஒரே கவ்வு. மீன் கிடைச்சாச்சு. குஞ்சு அத்தனையும் அன்னைக்கே மத்த மீனுக்கு இரை. இது வீரம் இல்லை, தொட்டில் திருட்டு. அப்புறம் அறுந்த நைலான் நரம்பைக் கரையிலயே போட்டுட்டு வர்றது. கொக்கு காலுல சுத்தி, கால் அழுகிச் சாகும். நாம ஒழுங்கா இருந்தாத்தான் குத்தகைக்காரனைக் கேக்க வாய் இருக்கும்.

என்னதான் செய்யச் சொல்லுதே?

பெருசா ஒண்ணும் இல்லை. அஞ்சு விஷயம்.

1. மடைச் சாவி பாசனக்காரங்க கையில. குத்தகை ஆளு தொட்டா குத்தகை ரத்து. இதை ஏல நிபந்தனையில எழுதி, குளத்துக் கரையில போர்டு வைக்கணும்.

2. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு அடிமட்டக் கோடு. மடைக்கல்லுல சிவப்புப் பெயிண்ட். அதுக்குக் கீழே எவனும் தண்ணி எடுக்கக் கூடாது, வலையும் போடக் கூடாது. வெயில் குடிச்சா குடிச்சிட்டுப் போட்டும். அந்தப் பள்ளம் வித்துக்கு.

3. ஒரு சங்கிலியில உள்ள குளங்கள் எல்லாத்தையும் ஒரே மாசத்துல அறுவடை பண்ணக் கூடாது. முறை வைக்கணும். மேல் குளம் ஒரு வருஷம் முந்தி, கீழ்க் குளம் அடுத்த வருஷம் முந்தி.

4. குத்தகைக் காலத்தை நீட்டணும், ஏலத்தை ஜூலையிலயே முடிக்கணும். நாலஞ்சு வருஷம் கையில இருந்தா அவனே குளத்தைப் பொன்னாட்டம் பார்ப்பான். வெடி போட்டா, தடை செஞ்ச ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டா, கோழிக் கழிவைக் கொட்டினா வெளியே.

5. ஒத்தைத் தூண்டில் ஊர் உரிமை. வலை குத்தகைக்காரனுக்கு, தூண்டில் ஊருக்கு. அடை காக்கிற வராலைத் தொடுறவனுக்கு ஊர் அபராதம்.

இதுல எதுக்கும் கோடி ரூபாய் வேண்டாம். ரெண்டாவதுக்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும். ஒரு கிலோமீட்டர் டைல்ஸ் நடைபாதைக்கு ஆகுற காசுல மாவட்டத்துக் குளம் அத்தனைக்கும் கோடு போட்டுட்டு மிச்சத்துல எல்லாருக்கும் டீ வாங்கலாம்.

கடைசியா சக பதிவர்களுக்கு ஒரு வேலை. உங்க ஊர்க் குளத்துல ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்க. பிப்ரவரி 28 அணை அடைச்ச நாள்ல இருந்து ஜூன் 1 திறக்கிற நாள் வரை, வாரம் ஒரு தடவை அதே கல்லு மேல நின்னு ஒரே படம். பறவை வேண்டாம், அஸ்தமனம் வேண்டாம். தண்ணி எங்கே நிக்கிதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். பதினாலு படம். வரிசையா ஒட்டுங்க. தண்ணி நடந்து போயிருக்கா, ஓடிப் போயிருக்கான்னு பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பதினாலு படத்தைத் தூக்கிட்டு மனுநீதி நாளுக்குப் போனா, நான் இங்கே எழுதின இத்தனை வார்த்தையும் தேவைப்படாது.

பி.கு: "நீ விவசாயியா, மீன்காரனா, பறவைக்காரனா, யாரு பக்கம்?" என்று கேட்டு வழக்கம்போல சிலர் வருவாங்க. முன்கூட்டியே பதில்: நான் பள்ளத்துல மிஞ்சிக் கிடக்கிற அந்த நாலு அயிரை பக்கம். மத்த எல்லாரும் ஜூன் மாசம் அதை நம்பித்தான் இருக்கோம்.